நட்பான டிராகனுக்கு முதலில் ஒரு பசி கொடுங்கள்

குழந்தைகளுக்குக் கதை எழுத ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் டிராகன்களில் பாதிக்கு மேல் நல்ல டிராகன்கள். முதல் பக்கத்திலேயே சிரிக்கும், வாலாட்டும், இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு பறந்துவிடும். ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டால், "அது நல்ல டிராகன் டீச்சர்" என்று பதில் வரும்.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள், குழந்தைகளுக்குக் கதையும் எழுதுகிறவள். எனக்கு இந்தப் பதில் போதாது. காட்டில் எந்த உயிரும் நல்ல பெயர் எடுப்பதற்காக மனிதரிடம் வருவதில்லை. ஏதோ ஒன்று வேண்டும், வருகிறது. வந்த இடத்தில் அடி விழவில்லை என்றால் மறுநாளும் வருகிறது. அடுத்த பருவத்தில் குட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நட்பு அங்கே முளைக்கிறது. இந்தக் காரணத்தை மட்டும் உங்கள் டிராகனுக்குக் கொடுத்துவிட்டால் மற்ற குணங்களையும் பழக்கங்களையும் அதுவே சொல்லிக்கொடுக்கும்.

எப்படிச் செய்வது என்பதை, என் கதைகளுக்காக நானே உருவாக்கிய ஓர் இனத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்கு உப்போந்தி என்று பெயர். வால்பாறை மாதிரியான ஒரு தேயிலை மலையில் வாழ்கிறது. உப்போந்தி கற்பனை. அதற்கு நான் கடன் வாங்கிய ஒவ்வொரு குணமும் ஏதோ ஓர் உண்மையான விலங்கினுடையது.

எதைத் தேடி வருகிறது?

அருணாசலப் பிரதேசத்தில் மிதுன் என்று ஒரு மாடு உண்டு. நம் காட்டுமாட்டின் நெருங்கிய சொந்தம், அதே பாரிய உடம்பு. அந்த மாநிலத்தின் விலங்கும் அதுதான். அதற்குத் தொழுவம் கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. காட்டில் தன் போக்கில் மேய்கிறது. ஆனாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. அவர் அவ்வப்போது உப்பு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் குரல் கொடுப்பார். குரலை அடையாளம் கண்டு அது வரும், கையில் இருக்கும் உப்பை நக்கும், திரும்பிப் போகும். அவ்வளவு பெரிய விலங்கையும் மனிதனையும் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரு கை உப்பு.

இதைப் படித்த அன்றைக்கே என் டிராகனின் பசி எது என்று முடிவாகிவிட்டது. ஆனால் உப்புப் பசி எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி இருக்காது. புலிக்கு உப்பைத் தேடி அலைய வேண்டிய தேவை குறைவு. அது தின்னும் இறைச்சியிலும் ரத்தத்திலுமே சோடியம் இருக்கிறது. இலை, பழம் தின்னும் விலங்குகளுக்குத்தான் தட்டுப்பாடு. பழத்தில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். அதிலும் கடலுக்கு எட்டாத, அடைமழை கொட்டும் மலை என்றால் மண்ணில் இருக்கும் உப்பும் கரைந்து ஓடிவிடும். பெரு நாட்டு அமேசான் காட்டில் கிளிகள் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரை மண்சுவரில் தொற்றிக்கொண்டு களிமண்ணைத் தின்பதற்கு, அந்த மண்ணில் உள்ள சோடியத்தையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆக, என் டிராகன் பழம் தின்னி. நாவல், காட்டுப்பலா, அத்தி. மாமிசம் தின்றால் அதற்கு உப்புத் தேவையில்லை, உப்புத் தேவையில்லை என்றால் ஊருக்குள் வர வேலையில்லை. கதைக்கும் இது வசதி. ஆட்டையும் மாட்டையும் தின்கிற டிராகனை ஊர்க்காரர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதத் தொடங்கும்போதும் பெயர், நிறம், கொம்பு எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள். என்ன தின்கிறது, எது அதற்குக் கிடைக்காமல் இருக்கிறது, அது மனிதரிடம் எங்கே இருக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். இந்த மூன்று வரி சரியாக வராமல் நான்காவது வரிக்குப் போகாதீர்கள்.

முதுகில் ஏற முடியாது

அடுத்தது உடம்பு. வழக்கமான டிராகன் படத்தில் நான்கு கால், அதன் மேல் இரண்டு சிறகு, மொத்தம் ஆறு உறுப்பு. முதுகெலும்புள்ள பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்தான் சிறகாக மாறியிருக்கிறது. நான்கு காலையும் வைத்துக்கொண்டு சிறகையும் வைத்திருக்கும் விலங்கு ஒன்று வேண்டுமென்றால், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. பறக்கும் ஓணான்.

பாக்குத் தோப்பில் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம்தான் இருக்கும். மரப்பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் அசையும் வரை கண்ணுக்குச் சிக்காது. ஆண் ஓணான் தொண்டைக்குக் கீழே மஞ்சள் தோல் ஒன்றை, ஒரு சின்னக் கொடி மாதிரி, விரிப்பதும் மடக்குவதுமாக இருக்கும். அந்த மஞ்சளை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்போம். பிறகு தலைகீழாக ஒரு தாவல். விலாவில் இருந்து இரண்டு பக்கமும் தோல் விரிந்து, அடுத்த மரத்தின் அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிறகின் கம்பிகள் அதன் நீண்ட விலா எலும்புகளே. தாவியதும் முன்னங்கால்களைப் பின்னுக்குக் கொண்டுவந்து சிறகின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது என்று, தென்னிந்தியாவில் இதே ஓணானைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. கையால் சிறகைப் பிடித்துத் திசை திருப்பும் ஒரு பிராணி! இதைவிட அழகான டிராகனைக் கற்பனை செய்ய எனக்குத் தெரியவில்லை.

உப்போந்திக்கு இந்தச் சிறகையே கொடுத்தேன். கொடுத்தவுடன் மூன்று விஷயங்கள் தாமாகவே முடிவாகிவிட்டன.

ஒன்று, அது பறக்காது, சறுக்கும். மேலிருந்து கீழே வரத்தான் முடியும். இரண்டு, அளவு. எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதில் எனக்கும் கற்பனைக்கும் கொஞ்சம் பேரம் நடந்தது. இறக்கையை விரித்தால் பத்து மீட்டருக்கும் மேல் போன கெட்சல்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வன ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, ஆனால் அதன் உடல் வாகே வேறு. விலாச் சிறகுக்கு அவ்வளவு தாங்காது. ஒரு ஆட்டுக்கடா அளவில் நிறுத்தினேன். அதுவே மிகைதான். ஒரு இனத்துக்கு ஒன்றிரண்டு மிகைகளை அனுமதிக்கலாம். எவை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுக்கதையில் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். விலா எலும்பே சிறகு என்றால் அதன் முதுகில் யாரும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வலிக்கும். குழந்தைகளிடம் சொன்னபோது முதலில் முகம் வாடிப்போனார்கள். "அப்போ எப்படி டீச்சர் அது கூடப் போறது?" என்று ஒரு பெண் கேட்டாள். கூடவே நடந்து போக வேண்டியதுதான். சறுக்கி இறங்கிய விலங்கு மலையேறித் திரும்பியாக வேண்டும், அதற்கு நான்கு கால்தான் துணை. உப்பு நக்க மதியத்துக்கு மேல் கீழே வந்த உப்போந்தி, பொழுது சாய்வதற்குள் தேயிலைக்கு நடுவில் போகும் ஒற்றையடிப் பாதையில் மேலே நடக்கிறது. அதே நேரத்தில் அதே பாதையில் பள்ளி விட்டு மேல் லைன் வீடுகளுக்குப் போகும் பிள்ளைகளும் நடக்கிறார்கள். என் கதைகளில் நடக்க வேண்டியதெல்லாம் இந்த ஏற்றத்தில்தான் நடக்கிறது. முதுகில் ஏற்றி அனுப்பியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வீடு வந்திருக்கும், பழகுவதற்கு நேரமே இருந்திருக்காது.

சூடு எதற்கு?

டிராகன் என்றால் நெருப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. பொம்பார்டியர் வண்டு என்ற ஒரு பூச்சி, வயிற்றுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஹைட்ரோகுவினோனையும் ஒரு பையில் சேமித்து, ஆபத்து வந்தால் நொதிகள் இருக்கும் இன்னொரு அறைக்குள் தள்ளி வினைபுரிய வைத்து, கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சூட்டில் பீய்ச்சுகிறது. சண்டைக்கார டிராகனுக்கு இதை வைத்துக்கொள்ளலாம். நட்பான டிராகனுக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு, பிறகு அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று காரணம் தேடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

நம் மலைப்பாம்பைப் பாருங்கள். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்க வைத்து உடம்பில் சூடு உண்டாக்கி அடைகாக்கிறது. குளிர் ரத்தப் பிராணி என்று நாம் பாடம் நடத்தும் பாம்புதான் இதைச் செய்கிறது. உப்போந்தியின் சூடும் இதற்குத்தான். பனி இறங்கும் சோலையில், பாறை இடுக்கில், இலைக்குவியலுக்குள் முட்டை இருக்கிறது. தாய் சுற்றிப் படுத்து உடலை நடுங்க வைத்துச் சூடேற்றுகிறது. வாயிலிருந்து வெதுவெதுப்பான ஆவி வரும், அவ்வளவே. குளிர்காலக் காலையில் அதைப் பார்த்த யாரோ ஒருவர் நெருப்புக் கக்குகிறது என்று சொல்லியிருப்பார் என்று கதையில் ஒரு வரி வைத்தேன்.

முட்டையின் சூடு சரியாக இருக்கிறதா என்று தாய்க்குத் தெரிய வேண்டும் அல்லவா? முதலை இனங்களில் முட்டை எந்தச் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. அதனால் சூட்டை அளக்க ஓர் உறுப்பு வேண்டும். குழிவிரியன் பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது, வெதுவெதுப்பான உடம்பை இருட்டிலும் அதனால் உணரும். அந்தக் குழியை உப்போந்திக்கு வைத்தேன். பாம்புக்கு அது எட்டும் தூரம் குறைவு, நான் கூட்டிக்கொண்டேன். இது என் இரண்டாவது மிகை.

ஊருக்கு என்ன கிடைக்கிறது?

ஒரு பக்கம் மட்டும் பெற்றுக்கொண்டிருந்தால் அது தர்மம். இரண்டு பக்கமும் பெற வேண்டும். மொசாம்பிக்கில் தேன்காட்டிப் பறவை என்று ஒன்று மனிதரைத் தேன்கூட்டுக்கு வழிநடத்திப் போகிறது. மனிதர் புகை போட்டுக் கூட்டைத் திறந்து தேனை எடுக்கிறார், பறவைக்கு மெழுகும் புழுவும் கிடைக்கிறது. யாவோ இன மக்கள் அதை அழைக்க "ப்ர்ர்ர்… ஹ்ம்" என்று ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தோடு நடந்தால் பறவை வந்து வழிகாட்டும் வாய்ப்பு சுமார் 33 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாக உயர்கிறது என்று 2016-ல் வந்த ஆய்வு சொன்னது. யாரும் பிடித்துப் பழக்கிய பறவை கிடையாது, முழுக்க முழுக்கக் காட்டுப் பறவை.

என் ஊருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். வால்பாறையில் மாலையும் இரவும் பயம் யானைதான். தேயிலைச் செடிக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றால் தெரியாது. அதற்காகவே அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், யானை எங்கே நிற்கிறது என்று செல்போன் குறுஞ்செய்தி அனுப்பவும், செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்கை எரியவிடவும் ஏற்பாடு செய்தார்கள். என் கதை உலகத்தில் விளக்குக்கு முன்பே உப்போந்தி இருந்தது. முட்டைக்காக வந்த அந்தக் குழி, பாதையில் பிள்ளைகளோடு நடக்கும்போது வளைவுக்குப் பின்னால் நிற்கும் யானையின் சூட்டை உணர்கிறது. உப்போந்தி நின்றுவிடுகிறது. பிள்ளைகளும் நின்றுவிடுகிறார்கள். அது யாரையும் காப்பாற்ற வேண்டும் என்று நிற்கவில்லை, தனக்குப் பயம், நிற்கிறது. கூட நடப்பவர்களுக்கும் அதனால் உயிர் தப்புகிறது. விலங்கை வீரனாக்காமல் இப்படி விட்டதுதான் எனக்கு அதன் மேல் இன்னும் பிரியத்தை உண்டாக்கியது.

பேச வைக்காதீர்கள்

மனித மொழியில் பேசும் டிராகனை எழுதுபவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் பேசாத விலங்கோடு பழகுவதில் இருக்கும் கவனத்தைக் குழந்தைகள் மிகவும் ரசிக்கிறார்கள். உப்போந்திக்குப் பறக்கும் ஓணானின் தொண்டைக்கொடி உண்டு. முழுதாக விரிந்து மெதுவாக மடங்கினால், வரலாம். வேகமாகப் பலமுறை விரிந்தால், இது என் மரம், தள்ளிப் போ. கொடி முழுவதும் உள்ளே போய் வால் தரையோடு ஒட்டினால், அசையாதே. மூன்றே குறிதான். மூன்றையும் முதல் கதையிலேயே சொல்லாமல் நிகழ்ச்சியாகக் காட்டிவிட்டால், மூன்றாம் கதையில் "கொடி உள்ளே போனது" என்று ஒரு வரி எழுதினால் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

மனிதர் அதை அழைக்கும் சத்தமும் ஊருக்கு ஊர் மாறட்டும். தேன்காட்டிப் பறவைகள் மொசாம்பிக்கில் ஓர் அழைப்புக்கும், தான்சானியாவில் ஹட்சா மக்களின் சீழ்க்கைக்கும் பழகியிருக்கின்றன. அந்தந்த ஊர்ப் பறவை தன் ஊர் அழைப்புக்குத்தான் அதிகம் வருகிறது. என் கீழ் எஸ்டேட்டில் கல்லுப்பு டப்பாவைக் குலுக்குவார்கள், மேல் எஸ்டேட்டில் நாக்கைச் சொடுக்குவார்கள். கீழ் எஸ்டேட் குட்டி வழி தவறி மேலே போனால் யார் சொடுக்கினாலும் திரும்பிப் பார்க்காது. ஒரு முழுக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

எப்போது கிட்டே போகக் கூடாது

எல்லா நாளும் எல்லாரிடமும் அன்பாக இருப்பது பொம்மைதான். நட்பான இனத்துக்கும் "இன்று வேண்டாம்" என்று ஒரு காலம் இருக்க வேண்டும், அதைக் கதையில் இருக்கும் மனிதர்கள் மதிக்க வேண்டும். முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே சத்தம் கொடுக்கும். தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. உப்போந்தி அடைகாக்கும் நாட்களில் கீழே இறங்காது. உப்பு வைத்த கல் அப்படியே இருக்கும். அன்பு மிகுதியில் உப்பை எடுத்துக்கொண்டு பொந்துக்கே போன ஒரு பையனுக்குக் கையில் நல்ல கடி விழுந்தது. அந்தக் கதையில் நான் டிராகனை மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. பாட்டி மருந்து போட்டுக்கொண்டே பையனுக்குத்தான் எடுத்துச் சொல்கிறாள்.

உரசலும் இருக்கட்டும். பலா பழுக்கும் மாதங்களில் உப்போந்திக்கு மனிதரின் வேலி கண்ணுக்குத் தெரியாது. ஒரு குடும்பம் விற்பதற்காக வைத்திருந்த பழத்தைத் தின்றுவிட்டால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்தைக் கெட்டவர்களின் கோபமாக எழுதாதீர்கள்.

ஒரு நாள் முழுவதும் எழுதுங்கள்

இதெல்லாம் சேர்ந்து நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கதை எதுவும் இல்லாமல், உங்கள் டிராகனின் சாதாரண நாள் ஒன்றை மணிவாரியாக எழுதுங்கள். ஓட்டை எல்லாம் வெளியே வந்துவிடும். உப்போந்திக்கு எழுதியபோது, அது ஊர்வன என்பதால் விடிகாலையில் சுறுசுறுப்பாக இருக்க முடியாது என்பது முன்னால் வந்து நின்றது. எட்டு ஒன்பது மணி வரை பாறையிலோ, தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையிலோ வெயில் காய்ந்தாக வேண்டும். கூரையில் வரிசையாகப் படுத்திருக்கும் உப்போந்திகளைப் பார்த்துத்தான் காலை ஷிஃப்ட் ஆட்கள் இன்றைக்கு வெயிலா மழையா என்று சொல்வார்கள் என்ற பழக்கம் அப்படிப் பிறந்தது. அடைமழை நாட்களில் அவை பொந்தை விட்டு வருவதில்லை, அதனால் தென்மேற்குப் பருவமழைக் கதைகளில் உப்போந்தி இல்லாமலே பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் குழந்தைகளிடம் கொடுத்து, கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். என்னிடம் முதலில் வந்தது, அதன் சாணம் எப்படி இருக்கும் என்பது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள், நான் சிரிக்காமல் பதில் சொன்னேன்: பழக்கொட்டை நிறைய இருக்கும். அடுத்த நொடியே பின் வரிசையிலிருந்து, "அப்போ அது நடக்கிற பாதை ஓரமா நாவ மரம் முளைக்குமா?" என்று வந்தது. இருவாச்சிப் பறவைகள் காட்டில் செய்யும் வேலை இதுதான். பாதையோர நாவல் மரங்களை வைத்தே பழைய உப்போந்தித் தடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தக் கேள்வியை அப்படியே கதையில் சேர்த்துவிட்டேன்.

கடற்கரை ஊரில் இருந்து எழுதுகிறீர்கள் என்றால் என் உப்போந்தியை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உப்புப் பசி அங்கே செல்லாது. கலாபகோஸ் தீவின் கடல் உடும்பு, பாசியோடு உள்ளே போகும் மிகுதி உப்பை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றுகிறது. உலர்ந்த உப்பு அதன் தலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் அப்படி ஒரு டிராகன் இருந்தால் அதற்கு ஆசை நல்ல தண்ணீர் மேல் இருக்கும். தண்ணீருக்கே கஷ்டப்படும் ஊர், குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், வரிசையின் கடைசியில் தலையில் உப்புப் பூத்த ஒரு டிராகன். அதற்கு யார் முதலில் ஒரு செம்பு ஊற்றுவார், அவருக்கு அது திருப்பி என்ன தரும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.